கண்ணை வைத்துப் பார்க்கும் கெமரா

டோஹா,
வெள்ளிக்கிழமை

அன்பின் நஸ்ரினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நீ கேட்ட இரண்டு கெமராக்களையும் கடையில் எடுத்துப் பார்த்தேன். படங்கள் ஒரே தரம்தான். முதலாவதில் திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். கடைக்காரர் அந்தத் திரையை என் பக்கம் திருப்பி, என்னையே ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்து, உடனே அழித்துவிட்டேன்.

மற்றதில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரம் உண்டு. திரையை மடித்து மூடிவிடலாம். கிண்ணியாக் கலியாணங்களில் பெண்கள் பக்கம் நீ படமெடுக்கும்போது, பின்னால் நின்று யாரும் எட்டிப் பார்க்க ஏலாது. பெண் வீட்டாரும் நம்பி அழைப்பார்கள். லீவில் வரும் சஜீத்திடம் இந்தக் கடிதத்தோடு அதையே கொடுத்துவிடுகிறேன்.

"ஏன் முகத்தைக் காட்டாம கதைக்கிறீங்க?" என்று போனில் கேட்டாய். வேலைத்தளத்தில் இரும்பு வெட்டும்போது இடது கண்ணில் பொறி பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. அந்தத் துவாரத்தில் பார்க்க ஒரு கண் போதும்தானே. உம்மாவிடம் சொல்லாதே.

சஜீத் திரும்பும்போது கொஞ்சம் மாசிச் சம்பலும் நீ எழுதும் கடிதமும் கொடுத்துவிடு. சஜீத்தை ஏற்ற வாகனம் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது.

உன்
ஹஸ்மி