இன்றுவரை வரவில்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே உன் நலத்துக்கு எழுது என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை முதல் பாதியை எழுதப் பயமாக இருக்கிறது, இரண்டாம் பாதியைக் கேட்க அதைவிடப் பயமாக இருக்கிறது. போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். நம் டிரைவிங் ஸ்கூல் எப்படியோ ஓடுகிறது. பல் டாக்டர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், ஊரார் வாயையெல்லாம் திறக்கவைப்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் தன் வாயை மூட மறந்துவிடுகிறார். உன் பெரியமாமாவுக்குப் பார்வை இன்னும் சுருங்கிவிட்டது, எதிரே இருக்கும் தட்டு தெரிகிறது, பக்கத்தில் வைத்த தம்ளர் தெரிவதில்லை. வாய் மட்டும் குறையவில்லை, நான் ஓட்டுவதைவிடத் தான் ஓட்டினால் வண்டி நேராகப் போகும் என்கிறார்.

அம்மா வழியில் நாற்பது வயதை ஒட்டி வரும் இந்தக் கண் நோய்க்கு எந்த மரபணு காரணம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடுவதும் நாம் எல்லோரும் ரத்தம் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அவர்களில் கணக்குப் போடுகிற பெண் வீட்டுக்கு வந்தபோது எங்களுக்குப் பொறுமையாக விளக்கினாள். நோய் வந்தவர் ஒரு பக்கம், வராதவர் ஒரு பக்கம் என்று பிரித்தால் கணக்கே கெட்டுவிடுமாம். உன்னைப் போன்ற சின்ன வயதுக்காரர்களுக்கு இல்லை என்று எழுதவும் கூடாது, ஒதுக்கிவிடவும் கூடாது, இன்றுவரை வரவில்லை என்று வயதோடு எழுத வேண்டுமாம். இளவயதில் விபத்தில் போன உன் சின்னமாமாவுக்கும் அப்படித்தான், பார்த்த வரைக்கும் அவரும் கணக்கில் உண்டு. வயது ஏற ஏற வராமலே இருந்தால் அந்த வரவில்லைக்கு எடை கூடும். அம்மா ஐம்பதைத் தாண்டியும் நன்றாக இருப்பதால் அவளிடம் அந்த மரபணு இருக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது, அவளிடம் இருந்தால் மகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இல்லையென்றால் மகளுக்கும் வராது என்றாள். உன் அம்மா அவளுக்கு இரண்டாவது முறையும் டீ போட்டுக் கொடுத்தாள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் நானும் அம்மாவும் வந்துகொண்டிருந்தோம். முக்கில் நிறுத்தி, உன் பக்கம் யாராவது வருகிறார்களா என்று கேட்டேன், யாரும் இல்லை என்றாள். வண்டியை எடுத்த அடுத்த நொடி அவள் பக்கத்திலிருந்தே ஒரு சைக்கிள் வந்து முன்னால் நின்றது. பிரேக் போட்டதால் தப்பித்தோம். வீட்டுக்கு வந்து கேட்டபோது முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள். ரொம்ப நாளாகவே இருட்டினால் தடுமாற்றமாம், சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பாளே, தூசி பார்க்கிறாள் என்றல்லவா நினைத்தேன். ஆராய்ச்சிக்காரர்கள் கண் சோதனைக்குக் கூப்பிட்ட போதெல்லாம் காய்ச்சல், தலைவலி என்று தப்பித்து, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று போனிலேயே சொல்லியிருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் சொல்லிட்டா பாப்பாவுக்குப் பாதிக்குப் பாதின்னு ஆயிடும்ங்க. என் பேருக்கு நேரா வரலைன்னு இருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் கணக்குப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியமாமாவிடம் இருக்கும் ஒரு மரபுத் துண்டு அம்மாவிடமும் அப்படியே இருக்கிறது, இத்தனை வயதிலும் அம்மாவுக்கு வரவில்லையே என்றுதான் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். அம்மா மறைத்ததால் உங்கள் மகளுக்கு ஆபத்து ஒரு துளியும் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போயிற்று என்றும் சொன்னாள், கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு அம்மாவைக் கண் சோதனைக்கு அழைத்துப் போகிறேன். மரபணு கிடைத்துவிட்டால் உன் ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், இப்போது நீ சாவியை எடுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நீயும் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போ, குடும்பத்தில் இருப்பதை மறைக்காமல் சொல். அவர் சரி என்று சொல்லும்வரை இருட்டிய பிறகு வண்டியைத் தொடாதே, பஸ்ஸில் போனால் யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எது வந்தாலும் உனக்கு முன்னால் நாங்கள் நிற்போம், நீ நீண்ட நாள் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்.

உன் அன்பு
அப்பா

பி.கு. இதுவரை எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன், இதை மட்டும் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முழங்காலைக் கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்று சிரித்தாயே, அப்போது அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா? அதை மட்டும் உடனே எழுது.