துடக்கு கழிந்த பிறகு

கொலோன்
4.5.2025

என் வாயாடி சுகன்யாவுக்கு,

தொண்டை ஒப்பரேசனோடு உன் குரல் போனதிலிருந்து தொலைபேசியில் நான் மட்டுமே கதைக்கிறேன். இத்தனை வருடமாகக் கிடைக்காத வாய்ப்பு. ஆனாலும் நீ திருப்பி ஏசாவிட்டால் எனக்கு மனம் நிறையவில்லை. அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பிடிக்காதே.

பதினேழாம் திகதி சனிக்கிழமை காரில் வருகிறோம். பின்னேரமே திரும்பிவிடுவோம். வென்லோ சந்தையில் மீன் நல்லதாம். என் மனுசன் மீனைப் பார்க்க, நான் உன்னைப் பார்க்க.

இராஜி

வென்லோ
9.5.2025

அன்பு இராஜி,

கோழி கிளறினது போன்ற உன் எழுத்தை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன்.

இனி மருந்தில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மகள் தேனுஜாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது நீ அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டாயம் வா.

சுகன்யா

கொலோன்
17.5.2025

சுகன்யா,

ஏசாமல் வாசி. உன் நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டோம். மறிக்க ஒரு பொலிஸும் இல்லை. உன் வீடு கிட்ட வந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு. என் மனுசனின் சித்தப்பா செத்துப்போனார். உயிரோடு இருந்தபோதும் எனக்கு இடைஞ்சல்தான் தந்தவர்.

இவர் காரை ஓரங்கட்டினார். "செத்த வீட்டுத் துடக்கோட வருத்தக்காரியின்ர வாசலை மிதிக்கேலாது" என்றார். நானும் ஓம் என்றேன். சாவைச் சுமந்துவந்து உன் தலைமாட்டில் இறக்க எனக்கு மனமில்லை. திரும்பிவிட்டோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு இந்தத் துடக்கு, தீட்டெல்லாம் கழியும். அடுத்த சனிக்கிழமையே உன் வாசலில் நிற்பேன்.

இராஜி

வென்லோ
22.5.2025

இராஜி,

துடக்கோடே வா. சாவு இங்கே எப்போதோ வந்து குந்தியிருக்கிறது, நீ கொண்டுவரத் தேவையில்லை. அடுத்த மருந்து எப்போது என்று தேனுஜா தினமும் கேட்கிறாள். நான் கையைக் காட்டிச் சமாளிக்கிறேன்.

சுகன்யா

கொலோன்
28.5.2025

என் பிடிவாதக்காரிக்கு,

உன்னைக் கூட்டிப்போக வரும் யமனே களைத்துத் திரும்புவான். நான் இப்போது வந்து, நாளைக்கு உனக்கு ஒன்றென்றால் சனம் என்னைத்தானே சொல்லும்? நானும் என்னைத்தானே சொல்வேன்?

ஜூன் இருபத்தோராம் திகதி, முழுகி, கோயில் திருநீற்றோடு வருகிறேன். தேனுஜாவுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். அதுவரை பொறு, என் குஞ்செல்லே.

இராஜி

வென்லோ
17.6.2025

இராஜி அன்ரி,

அம்மா போன செவ்வாய்க்கிழமை காலமானா. சனிக்கிழமை தகனம் முடிந்தது. துடக்கோடு நீங்கள் வரமாட்டீர்கள் என்று அம்மா எழுதிக் காட்டியிருந்தா. அதனால் அறிவிக்கவில்லை.

உங்களுக்காகப் பார்த்திருந்து, மருந்தில்லை என்பதையும் கடைசியில் ஒரு தாளில் எழுதித்தான் காட்டினா. அப்போது நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம்.

இருபத்தோராம் திகதி வருவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் துடக்கு நேற்றோடு கழிந்திருக்கும். எங்கள் வீட்டில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

வர வேண்டாம், அன்ரி.

தேனுஜா