கழுவி வைத்த கிட்டங்கி

1943 மாசி 9

முதலாளியின் கருவாட்டுக் கிட்டங்கியைக் கடற்படை கேட்கிறது. அவர் தூத்துக்குடிக்காரர். அதனால் அவருக்காகக் கதைக்க, கொழும்பிலுள்ள இந்தியப் பிரதிநிதியின் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி இன்று வந்தார்.

கடிதத்தில் பெயரைப் பார்த்து, மீன் மச்சம் தொடாத பிராமணர் என்று நினைத்துவிட்டேன். "மணம் ஒண்டும் இருக்கப்படாது" என்று கூலிகளிடம் சொல்லி, கருவாட்டு மூட்டை முழுவதையும் நேற்றே ஊருக்கு வெளியே பாலையூற்றுக்கு அனுப்பினேன். கிட்டங்கியைக் கழுவிச் சாம்பிராணியும் போட்டுவைத்தேன்.

அதிகாரி கடற்படைத் துரையோடு வந்தார். உள்ளே பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "கிட்டங்கி நிறையச் சரக்கு, காலி பண்ண முடியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். எங்கேய்யா சரக்கு?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். துரை நாளைக்கே கிட்டங்கியின் பூட்டும் திறப்பும் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்.

ரயில் ஏறும்போதுதான் அதிகாரி கேட்டார், "வீட்டுக்கு ரெண்டு கருவாடு கிடைக்குமா?"