வால் எங்கள் பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவுடைய கோபமும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடிகிறது, போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை மீட்டிங்கில் வைத்துக்கூடப் படிக்கலாம், முகத்தை மட்டும் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்.

லாட்ஜை விற்றுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லியிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்கு முன் திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊருக்கு ஆட்கள் வருவது நின்றே போய்விட்டதல்லவா, ஊரைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, அந்தப் பணத்தில் கடற்கரையில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பெரிய திமிங்கிலம் கட்டப்போகிறார்கள். வாய் வழியாக உள்ளே போய், வயிற்றுக்குள் கடலடிக் காட்சிகளையெல்லாம் பார்த்துவிட்டு, வால் வழியாக வெளியே வர வேண்டும். ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுகிறது, பஸ் ஸ்டாண்டில் விளக்கு எரிவதில்லை, இதற்கு நடுவில் திமிங்கிலம் ஒன்றுதான் குறைச்சலா என்று நானும் முணுமுணுத்தேன். இது சுற்றுலாவுக்கென்றே வந்த பணம், கூரைக்குத் திருப்ப முடியாது, வேண்டாமென்றால் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்கள். வேறு ஊர் என்றதும் எல்லோருக்கும் திமிங்கிலத்தின் மேல் வந்த பாசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அறிவியல் டீச்சர் மட்டும் "அதை மீன்னு சொல்லாதீங்க, அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்" என்று எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், யார் காதில் விழுகிறது.

சண்டை வந்தது வாய் எந்தப் பக்கம் என்பதில். கடற்கரைச் சாலையின் ஒரு கோடியில் நம் லாட்ஜ், மறுகோடியில் உன் மாமாவின் தொப்பிக் கடை. டிக்கெட், வரிசை, கார் நிறுத்தும் இடம் எல்லாம் வாய்ப் பக்கம்தான். அப்பா முழு மூச்சாக இறங்கி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். வாய் கிடைக்காவிட்டால் லாட்ஜை விற்றுவிடுவது என்று முடிவே செய்து, கூட்டத்துக்கு மறுநாள் புரோக்கரையும் வரச் சொல்லிவிட்டார். என் அண்ணன் சும்மா இருப்பாரா, டீக்கடையில் எல்லோர் முன்னாலும் "மச்சான், உங்க வாசல்ல வாயை வெச்சா, முழுங்கப்போறது திமிங்கிலமா நீங்களான்னு வர்றவன் பயந்துடுவான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேளாவேளைக்கு வீட்டு டீதான், அவஸ்தை எனக்கு.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். பொறியாளர் பெண் ஒருத்தி வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே சாப்பிடாமல் இளைத்திருந்தாள். கடல் காற்று அடிக்கும் திசையைப் படம் போட்டுக் காட்டி, வாயை நம் பக்கம் வைத்தால் மழைத் தண்ணீர் அத்தனையும் வயிற்றுக்குள் போய்விடும், அதனால் வாய் மாமா பக்கம், வால் நம் பக்கம் என்று முடித்துவிட்டாள். அப்பா எழுந்து "அப்ப எங்க தெருவுல இருக்கறவங்க காலம் பூரா மீனோட பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. டீச்சர் "மீன் இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கடல் பார்த்த மாடி அறையில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாம் மிருகக்காட்சி சாலைக்குப் போனது நினைவுக்கு வந்தது. வாசலில் ஐஸ்கிரீம்கூட வேண்டாம் என்று உள்ளே ஓடினாயே, வெளியே வரும்போது செருப்பு கடித்து, தாகம் எடுத்து, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். நாற்காலி கண்ணில் பட்ட முதல் கடைக்குள் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார், கொள்ளை விலை, வாய் திறக்காமல் கொடுத்தார். அதைத்தான் சொன்னேன், "உள்ள போறவனுக்கு அவசரம், வெளிய வர்றவனுக்குத்தாங்க கால் வலி." எழுந்து வந்து சாப்பிட்டார். காலையில் புரோக்கரை உட்காரவைத்து, "வால்தான் சார் நல்ல இடம், நான் ஆரம்பத்துலேயே சொன்னேன், ஒருத்தரும் கேக்கலை" என்கிறார். எனக்கு வந்த சிரிப்பில் டீ பாதி தட்டில். மீதிப் பாதியைக் குடித்துவிட்டுப் புரோக்கர் போய்விட்டார்.

ஆக, நாங்கள் வரவில்லை. திமிங்கிலத்தால் கூட்டம் வருமா என்று எனக்கும் தெரியாது, எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனபின் வயிற்றுக்குள் வௌவால்தான் குடியிருக்குமோ என்னவோ. இருந்தாலும் உன் வீட்டில் லிப்ட் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட, வருகிறவர்களுக்குத் துண்டும் சோப்பும் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்காகத்தான் நான் இங்கே கிடக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். இல்லை, எனக்காகவும்தான். எங்களுக்கென்று ஒதுக்கி வைத்த அறையில் மாப்பிள்ளை தன் சைக்கிளை நிறுத்திக்கொள்ளட்டும்.

கழுத்து வலியை டாக்டரிடம் காட்டு, கம்ப்யூட்டரிடம் காட்டாதே. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். திறப்பு விழாவுக்கு லீவு சொல்லிவிட்டு வா. வந்ததும் மாமா கடையில் தொப்பி வாங்கிக்கொள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். உள்ளே ஆசை தீரச் சுற்றிப் பார்த்துவிட்டு, கால் வலிக்க வெளியே வா. நேர் எதிரே நான் நிற்பேன்.

உன் அம்மா