அந்தப் பெரிய கொடுவாவை நான் விடவில்லை

மீனைக்கூட மரியாதையோடு தொட்ட என் கமலா அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸில் நம் தெருவில் பாதி வீடுகள் காலி. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. போன வாரம் வரை உன்னைத் திட்டுவது மட்டும் குறையவில்லை. "கல்யாணம் வேணாம்னு தூண்டில தூக்கிட்டு அலைஞ்சா. கடைசியில கைய அறுத்துகிட்டு செத்தா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காப்பார் ஆற்றுமுகத்தில் நடந்தது நம் இருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

வாரமெல்லாம் ஆபிஸில் டைப் அடிப்பாய். ஞாயிறு வந்தால் என் மோட்டார் சைக்கிளில் ஏறி ஆற்றுமுகத்துக்கு. மலாய்க்காரர்கள் சியாகாப் என்கிற கொடுவாவை உன்னைப் போல் அறிந்தவர் அங்கே யாருமில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கியதும் சின்ன மீனும் இறாலும் அலையாத்தி வேர்களை விட்டு வெளியே வரும். கொடுவா வேர் நிழலில் அசையாமல் காத்திருந்து, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அன்றும் "இப்ப பாரு" என்றாய். தூண்டில் வளைந்தது. மீன் இரண்டு முறை தலையை உதறிக்கொண்டு துள்ளியது. கரைக்கு வந்தபோது என் கை நீளத்தைவிடப் பெரிது.

"விட்டுரு தம்பி. இந்த சைஸ்ல இருக்கிறது பொம்பளதான்."

எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். பெரும்பாலும் ஆணாகத்தான் வளரும். சில வருஷங்கள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆற்றிலிருந்து உப்புத் தண்ணீருக்கு இறங்கி வந்து முட்டையிடும். நான் கேட்கவில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் போட்டோ காட்ட வேண்டும் எனக்கு.

"ஒரு மீனுதானே லா, அக்கா!"

நீ இரண்டு கையாலும் அதை ஏந்தித் தண்ணீரில் இறக்கப் போனாய். நான் வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி என்று எனக்கு நீதான் சொல்லியிருந்தாய். உன் கட்டைவிரலின் அடி வெள்ளையாகப் பிளந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

மீனை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா வயிற்றைக் கீறினாள். இரண்டு கை நிறைய சினை. பொரித்தாள். நீ கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

உனக்கு இனிப்புநீர் இருந்தது; சர்க்கரை நோய்க்காரிக்குச் சின்னப் புண்ணும் ஆறாது. எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கை வீங்கிக் கறுத்தது. "டாக்டர்கிட்ட போலாமாடா?" என்றாய். "ஓவர்டைம் இருக்கு, வியாழக்கிழமை போலாம்" என்றேன். ஏன் அக்கா எனக்காகக் காத்திருந்தாய்? எப்படி வெட்டியது என்று டாக்டர் கேட்டால் என்னைச் சொல்ல வேண்டிவரும் என்றா? வியாழக்கிழமை கையை எடுக்க வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை நீயே இல்லை. அம்மாவிடம், நீ வழுக்கி விழுந்து அறுத்துக்கொண்டதாகச் சொன்னேன்.

போன வாரம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள். அவர்கள் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மூணு வருஷமா நான் அவள திட்டினப்போ, நீ பக்கத்துலதானடா உக்காந்திருந்த?"

அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இன்று கிள்ளானில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நாளை செமினிக்கு, மாமா வீட்டுக்குப் போகிறேன். எனக்கு வீடு தெரியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அம்மா யார் யாரிடம் சொன்னாளோ, அவர்களில் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லாமல் விடமாட்டேன், அக்கா.

உன் கையை அறுத்த தம்பி,
குமார்