மாப்பிள்ளை கேட்டதும் நீ சொன்னதும்

செல்ல மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தமிழ் தெரியாவிட்டாலும் நம் முகத்தைப் பார்த்தே என்ன விஷயம் என்று உன்னிடம் கேட்பார். கடிதத்தை அவரால் படிக்க முடியாது. அதனால் பயப்படாமல் படி.

அத்தைக்கு முழங்கால் வலி அதிகமாகி மாடிப்படி ஏற முடியவில்லை, கீழ் அறைக்கு வந்துவிட்டாள், என் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். குனிந்து குழாயை முடுக்கினால் தலை சுற்றுகிறது. பழைய வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டால் போய் நின்று, எங்கே உடைக்க வேண்டும் என்று கைகாட்டிவிட்டு வருகிறேன். அடுத்த மாதம் அத்தையை அவள் மகன் தன்னோடு அழைத்துப் போகிறான். “அண்ணே, நீ ஒத்தையா இங்க என்ன பண்ணுவே?” என்று கேட்டாள். எனக்கு என்ன, என் மகள் இருக்கிறாள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

அம்மா போன பிறகு நான் அங்கே வந்து இருக்கட்டுமா என்று உன்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் நீ மாப்பிள்ளை பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொல்வாய், அவர் ஏதோ சொல்வார், “வீடு சின்னதுப்பா, அவர் யோசிக்கிறார்” என்பாய். அந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்லை. அத்தையும் சேர்ந்துகொள்வாள். “ஊருக்கெல்லாம் நீச்சல் கத்துக்கொடுக்கிற நீச்சல்காரருக்கு மாமனாருக்கு ஒரு மூலை கொடுக்க மனசில்லை பாரு” என்பாள். பாவம் நம் பிள்ளை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று உனக்காக வேறு உருகினேன்.

அதனால்தான் உன்னிடம் சொல்லாமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். டயர் கடைக்கு மேலே ஒரு அறை, அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், இரண்டு வாட்ச்மேன்கள், நான். டீச்சரம்மா, “பெரியவரே, முதல்ல கடையில பேசுறது, பஸ்ல பேசுறது படிப்போம்” என்றார். எனக்கு முதலில் நீச்சல் வார்த்தைதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவருடைய தொழிலைப் பற்றி அவருடைய மொழியில் நாலு வார்த்தை பேசினால் எந்தக் கல்லும் இளகும் என்று ஒரு கணக்கு. பூல், டைவ், ஃப்ளோட், ஆழமான பக்கத்துக்கு டீப், ஆழமில்லாத பக்கத்துக்கு ஷாலோ. காலமெல்லாம் தண்ணீரோடு மாரடித்தும் நீந்தத் தெரியாத பிளம்பர், நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை வீசி வீசி நீந்தினேன், வாட்ச்மேன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த பாடம் மனசுக்குள் இருப்பதைச் சொல்லும் வார்த்தைகள். சுவரில் முகங்கள் வரைந்த அட்டை. ஒருவர் அதைப் பார்த்து முகத்தைக் காட்ட மற்றவர்கள் வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஹாப்பி, ஆங்ரி, அஃப்ரெய்ட், லோன்லி. நான் ஹாப்பி காட்டினாலும் எல்லோரும் ஆங்ரி என்றார்கள். லோன்லி மட்டும் முதல் தடவையே சரியாக வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, உங்களிடம் எனக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை என்று மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் உன்னிடம் பேச ஆரம்பித்தார். முழுவதும் புரியவில்லை, புரிந்தது போதும். கீழே ஒரு ரூம் காலி என்றார். அப்பா வந்தால் ஹாப்பி என்றார். பூலுக்கு அழைத்துப் போகிறேன், ஷாலோ பக்கத்தில் நின்றால் போதும் என்றார். ஏன் எப்போது கேட்டாலும் வர மாட்டேன் என்கிறார், என் மேல் ஆங்ரியா என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பி, “நிறைய தண்ணி குடிக்கச் சொல்றார்பா” என்றாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, என் அப்பா அங்கே ஹாப்பியாக இருக்கிறார் என்று சொன்னாய். அதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

எனக்கு வலித்தது, மகளே. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுக்காரர்கள் டேப்பைத்தான் திட்டுவார்கள், அடைப்பு நடுவில் எங்கேயோ இருக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நான். என் வீட்டு அடைப்பு எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் ஒரு நல்ல மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், அவரோ மாமனாருக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்க மாட்டேன் என்றுதான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. நான் சாப்பிடும்போது சத்தம் வருகிறதா? நகத்தில் போகாத இந்தக் கறுப்பா? உன் சிநேகிதர்கள் முன்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தாயா? இரண்டு நாள் கழித்து வகுப்பில் அஷேம்ட் என்று ஒரு வார்த்தை வந்தது, வெட்கப்படுவதாம். அட்டையில் அந்த முகம் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் கீழே பார்த்துக்கொண்டுதான் பேசினாய்.

உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். பெற்றவன் வாயால் மகள் குடும்பத்தில் விரிசல் விழக் கூடாது. இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீ நடுவில் பேச வேண்டாம், மாப்பிள்ளையிடம் நானே பேசிக்கொள்கிறேன். உங்கள் மேல் கோபம் இல்லை, நான் இங்கே ஹாப்பியாக இருக்கிறேன் என்று அவர் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும். நேற்று டீச்சரம்மாவிடம் சொல்லிக்காட்டினேன். வார்த்தையெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம், முகம்தான் ஒத்துவரவில்லையாம்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையை மரியாதையாக வைத்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோ போடாதே, குரல் மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா