கோப்பைக் கதையில் இல்லாதவள்

அன்புள்ள அளவுகோலுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தப் பழைய பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து எழுதும் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. உனக்கு அளவுகோல், எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். எனக்கும் இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி.

உன் முகவரியைத் தந்தது உன் மகள். நான்தான் வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. பால்கனியில் தக்காளி போடுகிறேன் என்று நாலு தொட்டி வைத்தார். இதுவரை மூன்று தக்காளி பறித்திருக்கிறோம். அதை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்கிற அழகைப் பார்த்தால், நாங்கள் விட்ட செயற்கைக்கோள்கள் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. மகன் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். எனக்கு இடது முழங்கால் வலி. மாடி ஏறினால் உயிர் போகிறது.

போன மாதம் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பேப்பரில் படமும் வந்தது. பதினோரு செயற்கைக்கோள்கள், கட்டமைப்புச் சோதனைப் பிரிவின் முதல் பெண் தலைவர், பதினாறு வருஷமாகச் சனிக்கிழமைகளில் பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர் என்று பத்தி பத்தியாகப் போட்டிருந்தார்கள். படத்தில் நான் இரண்டு பீங்கான் கோப்பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்கக் கூடாது என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன். பார்த்திருந்தால், எந்தக் கோப்பைகள் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு வாய் வரவில்லை பார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் என் நிகழ்ச்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர், ஆய்வுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தேன். சுருள் கம்பி, பலூன், கடைசியில் கோப்பைகள். முதல் கோப்பையைக் கரண்டியால் தட்டினால் கணீர் என்னும். இரண்டாவதைத் தட்டினால் டொக். எதில் விரிசல் என்று கேட்டால் அறுபது வாயும் ஒரே நேரத்தில் கத்தும். அதற்கப்புறம் என் கதை. ஒரு செயற்கைக்கோளை அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்கினோம், குலுக்குவதற்கு முன் அதற்கு ஒரு குரல், குலுக்கிய பின் ஒரு குரல், அந்தச் சின்ன வித்தியாசத்தை நான் கவனித்தேன், அதன் பக்கப் பலகையைத் திறந்து பார்த்தால் எரிபொருள் குழாயைப் பிடித்திருந்த தாங்கியில் மயிரிழை விரிசல், அது மட்டும் மேலே போய் உடைந்திருந்தால் எல்லாம் போச்சு. பிள்ளைகள் கைதட்டினார்கள். எப்போதும் தட்டுவார்கள்.

முடிந்ததும் இயற்பியல் டீச்சர் என்று ஒரு பெண் வந்து, பெட்டியைக் கட்ட எனக்கு உதவி செய்தாள். கோப்பைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “எங்கம்மாவும் இந்தக் கதைய சொல்லுவாங்க மேடம். அம்மா சொல்ற கதையில நீங்க இருப்பீங்க. நீங்க சொல்ற கதையில அம்மா இல்லையே.”

நிமிர்ந்து பார்த்தேன். உன் நெற்றி. என் மேசைக்கடியில் உட்கார்ந்து வரைபடத் தாளின் பின்பக்கம் கிறுக்கிக்கொண்டிருந்த நாலு வயசுக் குட்டிக்கு முப்பது வயது ஆகியிருக்கிறது. அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் பரிசோதனை வேலை பார்த்தாயாம். மாடி மாடியாக ஏறி, கம்பி வடத்தைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று கட்டடக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாயாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு, உன் கதையில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “அம்மாவுக்காக உள்ள போய்ப் பேசினீங்களாம். உங்க பேச்சையே அவங்க கேக்கலன்னா அப்புறம் யாரு பேச்சக் கேப்பாங்கன்னு அம்மா சொல்லுவாங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பரண்மேல் போட்டேன்.

இதுவரை எழுதி, நாலு நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன். இன்று மறுபடி எடுத்திருக்கிறேன்.

முதல் பள்ளியில் நான் அப்படிச் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். “என் தோழி ஒருத்தி” என்றுதான் தொடங்கினேன். யார் அந்தத் தோழி, இப்போது எங்கே இருக்கிறார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. அடுத்த பள்ளியில் “நாங்கள்” என்றேன். ஒரு வருஷத்துக்குள் “நான்” ஆகிவிட்டது. காண்டீனில் உட்கார்ந்து இரண்டு கோப்பையைத் தட்டிக் காட்டி எனக்கு நீ விளக்கியதைக்கூட என் யோசனையாக்கிக்கொண்டேன். பதக்க மேடையிலும் அதையே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். நான் மறைத்ததோடு நிற்காமல், பந்தி வைத்து ஊரைக் கூட்டிப் பரிமாறியும் விட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். “நீ சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பிட்டேனே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல எத்தன நாள் சாப்பிட்டிருக்கா” என்றார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

உன் மகளுக்குப் போன் செய்து, அதே பிள்ளைகளை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை கடைசி வகுப்பைத் தருகிறேன் என்றாள். இந்தமுறை பெட்டி இல்லாமல் போனேன். கரும்பலகைக்கு முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. போன தடவை நான் சொன்னது பொய், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, உங்கள் டீச்சருடைய அம்மா என்று சொன்னேன். அறுபது தலையும் பின்பக்கம் திரும்பின. உன் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி எழுந்து, “அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?” என்றாள். நல்ல கேள்வி. எத்தனை ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு நேராக ஒருவரும் கேட்டதில்லை. “திறந்து பாக்க வேண்டாம்னு சொன்னேன்” என்றேன். எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். குலுக்கும் முன் வினாடிக்கு 142 அதிர்வு, பின் 136. நாலே கால் சதவீதம்தான் குறைவு. விதிப்படி ஐந்து வரை போகலாம். ஏவும் தேதி நெருங்கிவிட்டது. ‘வரம்புக்குள்ளதான இருக்கு, விடுடி’ என்று டீச்சருடைய அம்மாவிடம் சொன்னது நான், அதுவும் இரண்டு தடவை என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், “அப்ப மெடல அவங்களுக்குக் குடுத்துடுவீங்களா?” என்று கேட்டது. சிலர் சிரித்தார்கள். அந்த எண்களை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் மகள் மணி அடிக்கும்வரை பாடம் நடத்தினாள். நான் ஓரமாக நின்று கேட்டேன். நன்றாக நடத்துகிறாள்.

வாசல்வரை கூட வந்தாள். நன்றி என்று ஒரே சொல். நான் தலையாட்டினேன். ஏனென்றால், அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்னது பாதிதான். மீதியை அவளிடமும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

விசாரணைக் குழு கூடிய அன்று நீ வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். மடியில் உன் நோட்டுப் புத்தகம். உள்ளே மூன்று பேர். விரிசல் கண்ட அறிக்கையில் குழுத் தலைவி என்று என் பெயர் இருந்தது. பாராட்டினார்கள். பிறகு இரண்டாவது விஷயத்துக்கு வந்தார்கள். எழுத்தில் அனுமதி வாங்காமல், டெக்னீசியன் அண்ணனைச் சம்மதிக்க வைத்து நீ பலகையைத் திறந்தது பெரிய குற்றம் என்றார்கள். மூவரில் வயதானவர் என்னைப் பார்த்து, உங்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டாரா என்றார்.

நீ கேட்டாய். திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை. கேட்டாள், நான்தான் மறுத்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் குற்றம் உன் தலையிலிருந்து இறங்கி என் தலைக்கு வந்திருக்கும். நான் “ஞாபகம் இல்லை” என்றேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு வினாடிகூட ஆகவில்லை.

வெளியே வந்தபோது நீ எழுந்து நின்று, “என்னடி கேட்டாங்க?” என்றாய். உன்னைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், கேட்கவில்லை என்று சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “பரவால்ல விடு, நீயாவது இருக்கியே” என்றாய். அடுத்த வாரம் உன்னைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாலு மாதத்தில் நீ வேலையை விட்டுப் போனாய். அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு. வழியனுப்ப நான் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

நீ அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டாய். மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு நான் பதில் போடாததற்கு வேலை காரணம் என்று நீ நினைத்திருப்பாய். நீ அப்படித்தான் நினைப்பாய். பிறர்மேல் குறை காணத் தெரியாதவள், தாங்கியில் மட்டும் எப்படித்தான் கண்டுபிடித்தாயோ.

போன திங்கட்கிழமை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. கண்டுபிடித்தது யார், அனுமதி எத்தனை முறை கேட்கப்பட்டது, மறுத்தது யார், குழுவிடம் நான் சொன்னது என்ன, எல்லாம் தேதியோடு இருக்கின்றன. இப்போதைய இயக்குநர் நம் காலத்தில் பயிற்சிக்கு வந்து, உன் கிராஃப் தாளில் டீ கொட்டினானே, அவன்தான். படித்துவிட்டு, “மூணு மாசத்துல நிம்மதியா போகப்போறீங்க, இப்ப எதுக்கு மேடம் பழசக் கிளறிக்கிட்டு?” என்றான். கோப்பில் சேர்க்காமல் எழுந்து போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சேர்த்து, முத்திரை போட்டுக் கொடுத்தான். டெக்னீசியன் அண்ணனுக்கு அப்போது கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்யவும் எழுதியிருக்கிறேன். அவர் இல்லை, அவர் மனைவி இருக்கிறார். பதக்கத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. பள்ளிகளுக்கு அனுப்பும் அமைப்பு, கொஞ்ச நாள் நீங்கள் போக வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டது. அதுதான் நியாயம்.

இதெல்லாம் செய்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லவில்லை. உன் மகள் அந்தப் பள்ளியில் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கோப்பையைத் தட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிய வேண்டும்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, இரண்டு முறை அடித்துவிட்டேன். அடித்த இடம் தாளில் தெரியும். அதைக் கேட்டால் மறுபடியும் உன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்வதுபோல இருக்கிறது. நீ பதில் எழுத வேண்டாம். உன் மகளுக்கு அந்த அறையில் நடந்தது தெரியாது. நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்தை அவளிடம் நான் காட்டவில்லை. காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேலாவது மாடி ஏறாதே. உன் மகள் கை வைத்ததெல்லாம் விளங்கட்டும், அவள் வகுப்புப் பிள்ளைகள் அவளைப்போலவே கேள்வி கேட்கட்டும். வீட்டுக்காரரையும் எல்லாரையும் நான் விசாரித்ததாகச் சொல். யார் விசாரித்தது என்று அவர் கேட்டால், உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல்லிக்கொள்.

என்றும் உன்னை நினைக்கும்,
வாயாடி